மும்மொழிப் பலகை: சட்டம் சொல்வதும் சுவரில் நிற்பதும்

கொழும்புப் பேருந்து ஒன்றின் இருக்கைக்கு மேல் ஒட்டியிருந்த ஓர் அறிவிப்பு சில ஆண்டுகளுக்கு முன் இணையமெங்கும் சுற்றியது. கர்ப்பிணித் தாய்மாருக்கு ஒதுக்கிய இருக்கை என்று சொல்ல வந்த அறிவிப்பு அது. தமிழ் வரியில் ‘தா’ இருக்க வேண்டிய இடத்தில் ‘நா’ இருந்தது. ‘கர்ப்பிணி நாய்மார்’ என்று வாசித்தவர்களில் பாதிப் பேர் சிரித்தார்கள், மீதிப் பேர் கொதித்தார்கள். இரு தரப்பும் கேட்டது ஒன்றுதான்: தமிழும் அந்த நாட்டின் அரசகரும மொழி, பொதுப் பலகைகள் மும்மொழியில் இருக்க வேண்டும் என்பது அரசே ஏற்றுக்கொண்ட கொள்கை. பிறகு எப்படி இது நடக்கிறது?

இதற்கிடையில் பெங்களூரில் 60 சதவீதம் கன்னடம், மும்பையில் கட்டாய மராத்தி, கனடாவின் மொன்றியலில் மூன்றில் இரண்டு பங்கு பிரெஞ்சு என்று பலகைச் செய்திகள் வந்தபடி இருக்கின்றன. எல்லாமே ஒரே மொழிச் சண்டையின் வேறு வேறு கிளைகள் போலத் தெரிகின்றன. உள்ளே போய்ப் பார்த்தால் கொழும்பின் சிக்கலும் பெங்களூரின் சிக்கலும் வேறு வேறு வகை. ஒன்றுக்கு எழுதிய மருந்து மற்றதற்குச் செல்லாது. அதனால் அடிப்படையிலிருந்து தொடங்குவோம்.

யாருடைய பலகை?

பொது இடத்தில் கண்ணில் படும் எழுத்தை, அதை வைத்தவர் யார் என்று பார்த்துப் பிரித்துக்கொண்டால் பாதிக் குழப்பம் தீரும்.

1. அரசு வைப்பது. தெருப் பெயர், ரயில் நிலையப் பெயர், மருத்துவமனையில் ‘வெளிநோயாளர் பிரிவு’, மின்கம்பத்தில் ‘அபாயம்’. இங்கே மொழி, அரசு தன் குடிமக்களுக்குச் செய்ய வேண்டிய கடமை.

2. தனியார் வைப்பது. கடை, ஓட்டல், கிளினிக், விளம்பரத் தட்டி. மொழியைத் தேர்ந்தெடுப்பவர் கடைக்காரர். அதில் அரசு கை வைத்தால் உடனே பேச்சுரிமைக் கேள்வி எழும்.

3. நடுவில் நிற்பது. வெளிநாட்டு உதவியில் எழும் அரசுக் கட்டிடம், அரசு நிலத்தில் தனியார் நிறுவனம் நடத்தும் திட்டம், மாநகர சபைக்காக ஒப்பந்தக்காரர் அடித்துக் கொடுக்கும் பலகை. சட்டப்படி இது பெரும்பாலும் முதல் வகைதான். ஆனால் வேலை நடக்கும் விதம் இரண்டாம் வகை. யாரைக் கேட்பது என்று தெரியாமல் போவது இங்கேதான்.

2021 மே மாதம் கொழும்பில் எழுந்த சர்ச்சை இந்த மூன்றாம் வகை. சட்டமா அதிபர் (அரசின் தலைமை வழக்கறிஞர்) திணைக்களத்தில் சீன உதவியோடு அமைந்த மின்நூலகத்தின் திறப்புவிழாப் பலகையில் சிங்களம் இருந்தது, ஆங்கிலம் இருந்தது, சீனமும் இருந்தது. தமிழ் இல்லை. எதிர்ப்பு கிளம்பிய பிறகு பலகை அகற்றப்பட்டது. நாட்டின் சட்டத்துக்குப் பொருள் சொல்லும் அலுவலகத்திலேயே இது நடந்ததுதான் செய்திக்குக் காரம் சேர்த்தது.

நான்கு சொற்கள்

இலங்கை அரசியலமைப்பின் மொழி அத்தியாயத்தில் வரும் நான்கு சொற்களைச் செய்திகள் மாற்றி மாற்றிப் போட்டுவிடுகின்றன.

1. அரசகரும மொழி. தமிழ்நாட்டில் ‘ஆட்சி மொழி’ என்கிறோமே, அதற்கு இலங்கை வழக்கு. 1956-இன் 33-ஆம் இலக்கச் சட்டம் சிங்களத்தை மட்டும் அந்த இடத்தில் வைத்தது. 1987-இன் 13-ஆவது திருத்தம் ‘தமிழும் அரசகரும மொழியாக இருக்கும்’ என்று சேர்த்தது. அந்த ‘உம்’ 31 ஆண்டுகளுக்குப் பிறகு வந்தது.

2. தேசிய மொழி. சிங்களமும் தமிழும்.

3. இணைப்பு மொழி. ஆங்கிலம். இது அரசகரும மொழி கிடையாது. நடைமுறையில் ஒரு பலகையில் தமிழ் விடுபடும்போதுகூட ஆங்கிலம் விடுபடுவது அபூர்வம்.

4. நிருவாக மொழி. சிங்களமும் தமிழும் நாடு முழுவதற்கும் நிருவாக மொழிகள். பதிவேடுகளை எந்த மொழியில் பேணுவது என்பதில் மட்டும், வடக்கு கிழக்கில் தமிழ், மற்ற மாகாணங்களில் சிங்களம். தமிழரும் சிங்களவரும் கலந்து வாழும் பிரதேசங்களை இருமொழிப் பிரிவுகளாக ஜனாதிபதி அறிவிக்கலாம்.

1991-இல் வந்த சட்டம் ஒன்று அரசகரும மொழிகள் ஆணைக்குழுவை அமைத்தது. மொழி உரிமை மீறப்பட்டால் புகார் கொடுக்கும் இடம் அதுதான்.

ஆகக் கொழும்பில் ஏட்டளவில் குறை சொல்லப் பெரிதாக எதுவும் இல்லை. ஊரும் சிறுபான்மையினர் ஏதோ ஒரு மூலையில் இருக்கும் ஊர் இல்லை. 2001 கணக்கெடுப்பில் மாநகர எல்லைக்குள் ஏறத்தாழ 6.4 லட்சம் பேர். அதில் சிங்களவர் பாதிக்கும் குறைவு. தமிழரையும், பெரும்பாலும் தமிழ் பேசும் முஸ்லிம்களையும் சேர்த்தால் பாதிக்கு மேல். வெள்ளவத்தையிலோ கொட்டாஞ்சேனையிலோ தமிழ் வரியை வாசிக்க ஆளில்லை என்று யாரும் சொல்ல முடியாது.

ஒரு பலகைக்கு இரண்டு வேலை

பலகை சேதி சொல்கிறது. கூடவே, இது யாருடைய இடம் என்றும் சொல்கிறது. ரோட்ரிக் லாண்ட்ரி, ரிச்சர்ட் பூரி என்ற கனடிய ஆய்வாளர் இருவர் 1997-இல் எழுதிய கட்டுரை இவ்விரண்டையும் பிரித்துக் காட்டியது. ஊரின் சுவர்களிலும் தெருக்களிலும் தெரியும் மொழிகளின் தொகுப்பை ‘மொழி நிலக்காட்சி’ என்று பார்க்கும் ஆய்வுத் துறைக்கு அதைத்தான் தொடக்கமாகச் சொல்கிறார்கள்.

‘அதான் எல்லோருக்கும் ஆங்கிலம் தெரியுமே, அப்புறம் எதற்குத் தமிழ்?’ என்ற வாதம் முதல் வேலையை மட்டும் பார்க்கிறது. இரண்டாவது வேலைக்கு ஒரே ஓர் எழுத்து போதும் என்பதற்கு இலங்கையே சாட்சி. 1957-இல் வாகன எண் தகடுகளில் சிங்கள ‘ஸ்ரீ’ எழுத்து வந்தது. அதில் வாசித்துப் புரிந்துகொள்ள எதுவுமே இல்லை; தகட்டில் ஓர் அடையாளம், அவ்வளவுதான். 1958 மார்ச்சில் அந்தத் தகடு போட்ட பேருந்துகள் வடக்கே அனுப்பப்பட்டபோது, அங்கே எழுத்தின் மேல் தார் பூசினார்கள். பதிலுக்குத் தெற்கில் தமிழ்ப் பெயர்ப்பலகைகளின் மேல் தார் ஏறியது. பிரதமர் பண்டாரநாயக்கா, தமிழ்த் தலைவர் செல்வநாயகத்தோடு செய்துகொண்ட ஒப்பந்தத்தை ஏப்ரலில் கைவிட்டார். மே மாதம் கலவரம். தார் வாளியிலிருந்து கலவரத்துக்கு இரண்டே மாதம். இன்றைய தகடுகளில் ஆங்கில எழுத்துகள் இருப்பதை அலட்டிக்கொள்ளாமல் கடந்துபோகிறோம்.

பேருந்து இருக்கையின் ‘நா’ வலிப்பதும் இதனால்தான். சேதி எப்படியோ புரிந்துவிடும், பக்கத்தில் படமும் இருக்கும். ஆனால் அந்த வரியை அச்சுக்குக் கொடுத்தவர், அச்சடித்தவர், ஒட்டியவர், பணம் கொடுத்தவர் என்று ஒருவர்கூட அதை வாசிக்கவில்லை என்ற சேதியும் கூடவே வந்துசேர்கிறது.

கடைப் பலகைச் சட்டங்கள்: வேறு கதை

இனி பெங்களூர் வகைச் செய்திகள். இவை தனியார் பலகையைப் பற்றியவை. இந்த விவகாரத்தின் தாய்வழக்கு கனடாவின் கியூபெக் மாகாணத்தில் இருக்கிறது.

1977-இல் கியூபெக் கொண்டுவந்த ‘101-ஆம் மசோதா’ கடைப் பலகைகள் பிரெஞ்சில் மட்டுமே இருக்க வேண்டும் என்றது. மொன்றியல் அருகே கம்பளி நூல் விற்ற ஒரு கடையின் பலகையில் அதே பொருளைச் சொல்லும் பிரெஞ்சுச் சொல்லும் ஆங்கிலச் சொல்லும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தன. ‘கம்பளி’, ‘கம்பளி’. அவ்வளவுதான் பலகை. அதன் மேல் எழுந்த வழக்கு கனடிய உச்ச நீதிமன்றம் வரை போய், 1988 டிசம்பரில் தீர்ப்பு வந்தது: பிரெஞ்சைக் கட்டாயமாக்கலாம், பெரிதாகவும் ஆக்கலாம், மற்ற மொழியைத் தடைசெய்யக் கூடாது. மாகாண அரசு அரசியலமைப்பின் விலக்குப் பிரிவைப் பயன்படுத்தித் தீர்ப்பை ஓரங்கட்டியது. 1993-இல் ஐ.நா. மனித உரிமைக் குழுவும் தடை தவறு என்றது. அதே ஆண்டு சட்டம் இளகியது: பிரெஞ்சு ‘தெளிவாக மேலோங்கி’ இருந்தால் போதும். 2025 ஜூன் 1 முதல் கட்டுப்பாடு மறுபடி இறுகியிருக்கிறது. ஆங்கில வணிகப் பெயர் கொண்ட கடைகளும் முகப்பில் பிரெஞ்சுக்கு இரு மடங்கு இடம் கொடுக்க வேண்டும். செய்தியில் வந்த ‘மூன்றில் இரண்டு பங்கு’ இதுதான்.

‘தடை கூடாது, மேலோங்கலாம்’ என்ற இந்தக் கோடு முக்கியம். இந்தியாவின் விதிகளும் பெரும்பாலும் இதே கோட்டில்தான் நிற்கின்றன.

1. தமிழ்நாடு: கடைகள், நிறுவனங்கள் விதிப்படி தமிழ் முதன்மை, அடுத்து ஆங்கிலம், பிறகு பிற மொழி. 5:3:2 என்று சொல்லப்படும் விகிதம் இதுதான். ஏட்டில் நெடுங்காலமாக இருக்கிறது. சென்னையில் எந்த வணிக வீதியிலும் நின்று எண்ணிப் பார்த்தால் நடைமுறை தெரிந்துவிடும்.

2. கர்நாடகம்: 2022-இன் கன்னட மொழி வளர்ச்சிச் சட்டம், 2024 பிப்ரவரியில் திருத்தம். பலகையில் 60 சதவீதம் கன்னடம், அதுவும் மேல் பாதியில். 2023 டிசம்பர் 27 அன்று பெங்களூரில் கர்நாடக ரக்ஷண வேதிகே என்ற கன்னட அமைப்பு நடத்திய போராட்டத்தில் ஆங்கிலப் பலகைகள் உடைபட்டதும் அதன் தலைவர் கைதானதும்தான் இதைத் தேசியச் செய்தியாக்கின.

3. மகாராஷ்டிரம்: மராத்தி எழுத்து வேறு எந்த மொழி எழுத்தையும் விடச் சிறிதாக இருக்கக் கூடாது. எதிர்த்துப் போன வணிகர்களிடம் 2023 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம், வழக்குக்குச் செலவழிப்பதற்குப் பதில் பலகையை மாற்றிக்கொள்ளுங்கள் என்ற பாணியில் சொல்லி இரண்டு மாத அவகாசம் கொடுத்தது.

பெல்ஜியம் நேர் எதிர். பிரஸ்ஸல்ஸ் நகரின் 19 நகராட்சிகளிலும் அரசுப் பலகைகள் பிரெஞ்சு, டச்சு இரண்டிலும் இருந்தாக வேண்டும். கடைக்காரரை மட்டும் யாரும் தொட முடியாது: அந்நாட்டு அரசியலமைப்பின் 30-ஆவது பிரிவு, மொழிப் பயன்பாடு மக்களின் விருப்பம், அரசின் செயல்களிலும் நீதிமன்றத்திலும் மட்டுமே சட்டம் அதை ஒழுங்குபடுத்தலாம் என்று எல்லை கட்டியிருக்கிறது.

இன்னொரு தீர்ப்பையும் இங்கே சேர்த்துக்கொள்ளலாம். மகாராஷ்டிரத்தின் அகோலா மாவட்டத்தில் உள்ள பாத்தூர் நகராட்சிக் கட்டிடத்தின் பலகையில் மராத்தியோடு உருதுவும் இருந்தது. உருதுவை எடுக்கச் சொல்லி வழக்கு. 2025 ஏப்ரல் 15 அன்று உச்ச நீதிமன்றம் மறுத்துவிட்டது. மொழி மதமல்ல, அந்த ஊர் மக்களில் ஒரு பகுதியினருக்குப் பழக்கமான மொழியில் கூடுதலாக எழுதுவதில் தவறில்லை என்றது. இது முதல் வகைப் பலகை என்பதைக் கவனியுங்கள். கொழும்பின் தமிழ் வரியோடு ஒப்பிட வேண்டிய வழக்கு பெங்களூரின் 60 சதவீதம் அல்ல, இந்தப் பாத்தூர்தான்.

பிழை எங்கே நுழைகிறது?

சரி, கொழும்புக்குத் திரும்புவோம். சட்டம் இருக்கிறது, வாசிக்க ஆள் இருக்கிறார்கள், எதிர்ப்பவர்களும் இன்று அவ்வளவு இல்லை. அப்படியும் தமிழ் தப்பாக நிற்கிறது என்றால், பலகை உருவாகும் வழியைப் பின்தொடர்ந்து பார்ப்பதுதான் ஒரே வழி.

1. மூலம். வாசகம் சிங்களத்தில் எழுதப்படும், அல்லது ஆங்கிலத்தில். தமிழ், எல்லாம் முடிவான பிறகு சேரும் இணைப்பு. கால அவகாசம் தீர்ந்துபோவது எப்போதும் கடைசிப் படியில்தான்.

2. மொழிபெயர்ப்பு. அலுவலகத்தில் மொழிபெயர்ப்பாளர் இருந்தால் நல்லது. இல்லையென்றால் ‘கொஞ்சம் தமிழ் தெரிந்த’ ஒருவர், இப்போது கைப்பேசிச் செயலி. இரண்டு சொல் அறிவிப்புக்குப் பின்னணி எதுவும் கிடையாது என்பதால் எந்திர மொழிபெயர்ப்பு சறுக்குவதற்குப் பலகைதான் வசதியான இடம்.

3. தட்டச்சு. பாமினி போன்ற பழைய எழுத்துருக்களில் திரையில் தெரிவது தமிழாக இருந்தாலும் கோப்புக்குள் இருப்பது ஆங்கில எழுத்து. அந்த எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் ‘தமிழ்’ என்ற சொல்லே நான்கு ஆங்கில எழுத்தும் ஓர் அரைப்புள்ளியுமாக நிற்கும்.

4. வடிவமைப்பு. யூனிகோடு வந்த பிறகும் தொல்லை தீரவில்லை. ‘கொழும்பு’ என்பது கணினிக்குள் க, ொ, ழ, ு, ம, ், ப, ு என எட்டுக் குறிகள். இதை எழுத்தாக்க, மென்பொருள் ‘ொ’வை இரண்டாகப் பிளந்து ஒரு பாதியை ‘க’வுக்கு முன்னாலும் மறுபாதியைப் பின்னாலும் வைக்க வேண்டும், ‘ழ’வோடு உகரத்தை உருக்கி ‘ழு’ ஆக்க வேண்டும், புள்ளியை ‘ம’வின் தலையில் ஏற்ற வேண்டும். இந்த வேலைக்குத் தயார்செய்யப்படாத வடிவமைப்பு மென்பொருளில் ஒட்டினால் கொம்பு கழன்று பின்னால் போகும், புள்ளி அடுத்த எழுத்தின் மேல் உட்காரும், நடுவில் புள்ளிகளால் ஆன வெற்று வட்டம் ஒன்று முளைக்கும். சிங்கள எழுத்துக்கும் இதே சிக்கல் உண்டு. ஆனால் அங்கே வடிவமைப்பவரின் கண் உடனே பிடித்துவிடும். தமிழ் தெரியாத கண்ணுக்குக் கொம்பு கழன்ற தமிழும் தமிழ் மாதிரிதான் இருக்கும்.

5. வரைதல், வெட்டுதல். வண்ணம் தீட்டுபவரோ ஸ்டிக்கர் வெட்டுபவரோ வாசிக்காமல் வடிவத்தைப் பார்த்து நகலெடுக்கிறார். ‘தா’வும் ‘நா’வும் மாறுவது பெரும்பாலும் இங்கேதான் என்பது என் ஊகம். காரணம் இருக்கிறது: பாமினி விசைப்பலகையில் ‘த’ வலது கைக்கு, ‘ந’ இடது கைக்கு. விரல் தவறி ஒன்றுக்கு மற்றது விழ வழியில்லை. (தமிழ்நாட்டில் பரவலான தமிழ்99 விசைப்பலகையில் இரண்டும் பக்கத்துப் பக்கத்து விசைகள், அங்கே விரலையும் சந்தேகிக்கலாம்.)

6. ஒப்புதல். பலகைத் தொழிலில் கணக்கு சதுர அடிக்கு. அளவு சரியா, நிறம் சரியா, இலச்சினை சரியா என்று பார்த்துப் பில்லில் கையெழுத்து விழும். தமிழ் வரி சரியா என்று பார்க்க வேண்டிய கட்டம் அந்தத் தாளில் கிடையாது.

இது சிங்களவர் தமிழர் விவகாரம் மட்டும் என்று நினைத்தால் வேல்ஸ் நாட்டின் ஸ்வான்சீ நகரைப் பார்க்கலாம். அங்கே பலகைகள் ஆங்கிலத்திலும் வெல்ஷ் மொழியிலும் இருக்க வேண்டும். கனரக வாகனங்கள் நுழையக் கூடாது என்ற வரியை 2008-இல் வெல்ஷ் மொழிபெயர்ப்புக்கு மின்னஞ்சலில் அனுப்பினார்கள். உடனே வெல்ஷில் பதில் வந்தது. அதை அப்படியே பலகையில் அடித்துச் சாலையோரம் நட்டுவிட்டார்கள். வெல்ஷ் வாசிக்கத் தெரிந்தவர்கள் வந்து பார்த்தபோது பலகை சொன்னது: ‘நான் இப்போது அலுவலகத்தில் இல்லை. மொழிபெயர்க்க வேண்டியவற்றை அனுப்பிவையுங்கள்.’ வெறுப்பு, பாரபட்சம் எதுவும் தேவைப்படவில்லை. அஞ்சல் பெட்டிக்கும் சாலைக்கும் இடையில் வெல்ஷ் வாசிக்கிற ஒரு ஜோடிக் கண் இல்லை, அதுவே போதுமானதாக இருந்தது.

அதற்காகக் கொழும்பில் பாரபட்சமே இல்லை என்று சொல்ல வரவில்லை. தமிழ் அறவே விடுபடுவதும் தமிழ் தப்பாக வருவதும் இரண்டு வேறு குற்றங்கள். முதலாவதில் யாரோ ஒரு முடிவு எடுத்திருக்கிறார், அல்லது எடுக்கத் தோன்றாமல் இருந்திருக்கிறார். இரண்டாவதில் முடிவு சரி, வேலை தப்பு. விடுபட்டதற்குச் சட்டத்தை நீட்டலாம். தப்பாக வந்ததற்கு நீட்ட வேண்டியது சரிபார்ப்புத் தாள்.

பெயரை மொழிபெயர்ப்பதா, ஒலிபெயர்ப்பதா?

மொழிபெயர்ப்பாளர் நல்லவராகவே இருந்தாலும் வழுக்கும் இடம் ஊர்ப்பெயர். கொழும்பின் பெயர்கள் மூன்று விதம்.

1. ஒலி ஒன்று, முடிவு மட்டும் வேறு. வெள்ளவத்தை, மருதானை, பம்பலப்பிட்டி. சிங்களத்தின் ‘வத்த’ தமிழில் ‘வத்தை’ ஆகும், ‘பிட்டிய’ ‘பிட்டி’ ஆகும். சாலையைக் குறிக்கும் சிங்களச் சொல்லே ‘மாவத்தை’ என்று கொழும்புத் தமிழில் குடியேறிவிட்டது. சென்னையிலிருந்து போகிறவருக்கு இது ஏதோ பெண் பெயர் போலக் கேட்கும்.

2. பொருள் ஒன்று, ஒலி வேறு. தமிழில் கறுவாத்தோட்டம், சிங்களத்தில் குருந்துவத்த, ஆங்கிலத்தில் சினமன் கார்டன்ஸ். மூன்றும் இலவங்கப்பட்டைத் தோட்டம்தான்.

3. கதையே வேறு. நீதிமன்றங்கள் இருக்கும் பகுதிக்கு ஆங்கிலப் பெயர் ஹல்ஸ்டோர்ப். 1656-இல் கொழும்பு முற்றுகையில் இறந்த டச்சுத் தளபதி ஹுல்ஃப்ட்டின் நினைவு. சிங்களத்திலும் தமிழிலும் தளபதி காணாமல் போய் ‘அளுத்கடே’, ‘புதுக்கடை’. நகைக்கடைகள் நிறைந்த சீ ஸ்ட்ரீட் தமிழில் செட்டியார் தெரு. மவுண்ட் லவினியா தமிழில் கல்கிசை.

மூன்றாம் வகையில்தான் ஆபத்து. ஊர் தெரியாத மொழிபெயர்ப்பாளர் ஆங்கிலத்தைப் பார்த்துச் ‘சீ வீதி’ என்றோ ‘கடல் தெரு’ என்றோ எழுதினால் இலக்கணப் பிழை எதுவும் இருக்காது. நகை வாங்க வந்தவர் மட்டும் செட்டியார் தெருவைத் தேடிக்கொண்டே இருப்பார். பெல்ஜியத்தில் இதே அவதி நெடுஞ்சாலையில் நடக்கிறது: பிரான்சின் லில் நகருக்கு டச்சில் ரைசல் என்று பெயர். டச்சு பேசும் வட்டாரத்துப் பலகைகள் ரைசல் என்றே சொல்வதால், லில் தேடி வரும் வெளியூர் ஓட்டுநர் விழித்துக்கொண்டே கடந்துபோவார்.

பெயருக்குள் ஒளிந்திருக்கும் அரசியலும் உண்டு. ‘ஸ்லேவ் ஐலண்ட்’, அதாவது அடிமைத் தீவு, என்ற ஆங்கிலப் பெயர் காலனிக் காலத்தில் அடிமைகளை அடைத்துவைத்த இடம் என்பதால் வந்தது. சிங்களத்தில் அது கொம்பஞ்ஞவீதிய, தமிழில் கொம்பனித்தெரு. இரண்டிலும் அடிமை இல்லை. ஆங்கிலத்திலும் சிங்களப் பெயரையே பயன்படுத்த வேண்டும் என்று பிறகு அரசு முடிவெடுத்தது. ஊர் மக்கள் அந்த மொழியில் என்ன சொல்கிறார்களோ அதுவே அந்த வரியில் வர வேண்டும் என்ற எளிய விதி இங்கெல்லாம் உதவும்.

வரிசை, அளவு, வேகம்

எந்த மொழி மேலே என்பது வாசிப்பதற்குப் பெரிய வேறுபாடு ஆகாது. உரிமைக் கணக்கில் அது எல்லாமே. 2019 அக்டோபரில் யாழ்ப்பாணம் சர்வதேச விமான நிலையம் திறந்தபோது பலகையில் தமிழ் முதலில், சிங்களம் அடுத்து, ஆங்கிலம் கடைசி. அங்கே நிருவாக மொழி தமிழ் என்பதால் அதில் வியப்பு இல்லை. இருந்தும் தெற்கில் சமூக வலைத்தளங்களில் பெரிய சச்சரவு. இந்திய ரயில் நிலையங்களில் மாநில மொழி, இந்தி, ஆங்கிலம் என்ற வரிசை நிலைத்துவிட்டதால் அதைப் பற்றிய பேச்சு குறைவு. இந்தி அங்கே இருக்க வேண்டுமா என்பது தனிப் பேச்சு.

அளவு விஷயம் சாலையில் வேறு விதமாக உறைக்கும். மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் போகும் வண்டி மூன்று விநாடியில் 50 மீட்டர் தாண்டிவிடும். அதற்குள் மூன்று மொழியில் நான்கு ஊர்ப்பெயர், ஆக 12 வரி. ஒவ்வொரு மொழிக்கும் சம உரிமை கொடுத்து எல்லா எழுத்தையும் சமமாகச் சிறிதாக்கினால் யாராலும் வாசிக்க முடியாத நீதி கிடைக்கும். இதற்குத் தச்சு வேலை போல ஒரு தீர்வைப் பிரஸ்ஸல்ஸ் கண்டுபிடித்தது. பிரெஞ்சில் ‘தெரு’ பெயருக்கு முன்னால் வரும், டச்சில் பின்னால். ஆகவே ‘ரூ பெலியார் ஸ்ட்ராட்’ என்று பெயரை நடுவில் ஒரே முறை எழுதி, இடப்பக்கம் பிரெஞ்சுத் தெருவையும் வலப்பக்கம் டச்சுத் தெருவையும் மாட்டிவிட்டார்கள். ஒரே எழுத்து வடிவம் என்பதால் அங்கே முடிந்தது. மூன்று எழுத்து வடிவங்கள் கொண்ட கொழும்பில் இந்தத் தந்திரம் நடக்காது. நெடுஞ்சாலையில் வரியைக் குறைத்து எண்ணையும் படத்தையும் கூட்டுவதுதான் அங்கே உள்ள வழி.

பிழைப் பலகையைப் பார்த்தால்

படமெடுத்துப் போட்டுச் சிரிப்பது எளிது. அப்படிச் சுற்றிய படங்கள் பலகையை மாற்ற வைத்ததும் உண்டு. மாற்ற வைக்க வேண்டும் என்றே போடுவதானால் மூன்று தகவல்கள் கூடவே வேண்டும்.

1. பலகை எந்த வகை. அரசுடையதா, தனியாருடையதா, நடுவில் நிற்பதா. அரசு நிறுவனத்தின் பெயர் பலகையின் மூலையில் சிறிய எழுத்தில் இருக்கும்.

2. குறை எந்த வகை. தமிழ் இல்லையா, தமிழ் தப்பா, தமிழ் சரியாக இருந்தும் ஊர்ப்பெயர் தப்பா. முதலாவதுக்கு மட்டும்தான் ‘மொழி உரிமை மீறல்’ என்ற பெரிய சொல் முழுதாகப் பொருந்தும்.

3. சரியான வரி எது. ‘பிழை’ என்று மட்டும் எழுதினால், அதைத் திருத்தப் போகிறவரும் அதே ஆறு படிகளின் வழியாகத்தான் போவார். சரியான வாசகத்தை யூனிகோடில் தட்டச்சு செய்தும், எழுத்து கலையாதபடி படமாகவும் சேர்த்து அனுப்பினால் அவருக்கு இரண்டு படிகளாவது குறையும்.

அரசகரும மொழிகள் ஆணைக்குழு புகாரை எழுத்தில் ஏற்கிறது; முதலில் பலகை வைத்த நிறுவனத்துக்கும், பிரதியை ஆணைக்குழுவுக்கும் அனுப்புவது வேலை நடக்கும் வழி. புகாரைத் தமிழிலேயே எழுதலாம். பதிலும் தமிழில் வர வேண்டும். வந்தால் அதையும் ஒரு முறை எழுத்துக் கூட்டி வாசித்துவிடுங்கள்.